செத்த எலி, காய்ச்சல் மாத்திரை, ஹெலிகாப்டர்... பறவைகளை மீட்கப் போராடும் குவாம் தீவு!

2013-ம் ஆண்டு, டிசம்பர் மாதம். பசிபிக் பெருங்கடலில் இருக்கும் குவாம் தீவின் காட்டுக்கு மேலே ஒரு ஹெலிகாப்டர் பறக்கிறது. அதிலிருந்து சின்னச் சின்னப் பொருள்கள் விழுந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஓர் அட்டைத்துண்டு, நீளமான காகித ரிப்பன். கூடவே ஒரு செத்த எலிக்குஞ்சு!

அன்றைக்கு அப்படிப் போடப்பட்ட எலிகள் சுமார் 2,000. ஒவ்வொன்றோடும் 80 மில்லிகிராம் பாராசிட்டமால் வைக்கப்பட்டிருந்தது. ஆமாம், காய்ச்சல் வந்தால் நம் வீட்டில் முதலில் தேடும் அதே மருந்துதான்.

எதற்காக இவ்வளவும்? ஒரு பாம்பைக் கொல்ல. பாம்பை எதற்காகக் கொல்ல வேண்டும்? அந்தக் காட்டுக்குப் பறவைகள் திரும்பி வர!

கேட்டால் சினிமாக் கதை மாதிரி இருக்கும். ஆனால், 40 வருடங்களாக நடந்துகொண்டிருக்கும் நிஜமான போராட்டம் இது.

சத்தமில்லாத காடு

பிலிப்பைன்ஸுக்குக் கிழக்கே, மேற்குப் பசிபிக்கில் இருக்கிறது குவாம். அமெரிக்காவின் ஆட்சிப் பகுதி. சுமார் 540 சதுர கிலோமீட்டர் பரப்பளவு. ஒன்றரை லட்சம் பேர் வாழ்கிறார்கள். இந்தத் தீவின் பூர்வகுடிகள் சமோரோ மக்கள்.

ஒரு வெப்பமண்டலக் காடு என்றால் நம் காதில் முதலில் என்ன கேட்கும்? பறவைகளின் சத்தம்தான். குவாமின் காட்டில் அது கிட்டத்தட்ட இல்லை. மரங்கள் இருக்கின்றன, கொடிகள் இருக்கின்றன, மழை பெய்கிறது. விடியற்காலையில் கூவத்தான் ஆளில்லை.

ஒரு காலத்தில் இந்தக் காட்டில் 12 வகை மண்ணின் பறவைகள் இருந்தன. அவற்றில் 10 வகைகள் தீவின் காடுகளிலிருந்து மறைந்துவிட்டன. எஞ்சியவை இரண்டே இரண்டு. ஒன்று, மைனா குடும்பத்தைச் சேர்ந்த ‘சாலி’. இன்னொன்று, குகைக்குள் கூடு கட்டும் சின்ன உழவாரன்.

சரக்கோடு வந்த விருந்தாளி

இரண்டாம் உலகப் போரில், 1941 டிசம்பரில் குவாமை ஜப்பான் பிடித்தது. 1944-ல் அமெரிக்கா மீட்டது. அதன் பிறகு தீவு பெரிய ராணுவத் தளமாக மாறியது. போர் முடிந்ததும், பசிபிக் தீவுகளில் கிடந்த தளவாடங்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கின.

1940-களின் இறுதியிலோ 1950-களின் தொடக்கத்திலோ, அப்படி ஒரு சரக்குக்குள் சுருண்டுகொண்டு வந்து சேர்ந்ததுதான் பழுப்பு மரப்பாம்பு. நம்மூர்ப் பூனைப் பாம்புகளின் உறவுக்காரன். ஆஸ்திரேலியாவின் வடக்கு, கிழக்குப் பகுதிகளும் நியூ கினியாவும்தான் இதன் சொந்த ஊர். குவாமுக்கு வந்தது நியூ கினியாவுக்கு வடக்கே இருக்கும் அட்மிரால்டி தீவுகளிலிருந்து என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன.

இது பெரியவர்களைக் கொல்லும் அளவுக்கு விஷமுள்ள பாம்பு கிடையாது. கைக்குழந்தைகளுக்குத்தான் ஆபத்து. பகலில் ஒளிந்துகொண்டு, இரவில் மரம் மரமாக ஏறி இரை தேடும்.

குவாமில் அதுவரை இருந்த ஒரே நிலப் பாம்பு, மண்புழு சைஸில் இருக்கும் புழுப்பாம்பு. அதனால் மரம் ஏறி வந்து முட்டையைத் தின்னும் எதிரி ஒன்று இருக்கும் என்பதே அங்கிருந்த பறவைகளுக்குத் தெரியாது. பல ஆயிரம் ஆண்டுகளாகத் தேவைப்படாத பயத்தை அவை எங்கே போய்க் கற்றுக்கொள்ளும்? கூட்டில் உட்கார்ந்தபடியே இரையாகின.

பாம்புக்கு அங்கே எதிரியும் இல்லை. எண்ணிக்கை எகிறியது. உச்சத்தில் இருந்தபோது, சில இடங்களில் ஒரு ஏக்கருக்கு 40 பாம்புகள் வரை இருந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

யாரும் சந்தேகப்படாத குற்றவாளி

1960-களில் தீவின் தெற்குப் பகுதியிலும் நடுப்பகுதியிலும் பறவைகள் குறையத் தொடங்கின. 1980-களுக்குள் வடகோடிக் காட்டில் மட்டும் கொஞ்சம் மிச்சமிருந்தன. காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. போர்க்காலத்திலிருந்து தெளிக்கப்பட்ட டி.டி.டி போன்ற பூச்சிக்கொல்லியாக இருக்குமோ? ஏதாவது தொற்றுநோயா? புயலா? வேட்டையா?

இதைக் கண்டுபிடிக்கும் வேலைக்கு வந்தவர் ஜூலி சாவிட்ஜ் என்ற இளம் ஆராய்ச்சியாளர். பூச்சிக்கொல்லி சந்தேகம் ஆய்வில் அடிபட்டுப் போனது. நோய் என்பதற்கும் ஆதாரம் கிடைக்கவில்லை.

அடுத்து அவர் ஊர் மக்களிடம் போனார். ‘உங்கள் பகுதியில் இந்தப் பாம்பை முதன்முதலில் எப்போது பார்த்தீர்கள்?’ என்று விசாரித்தார். கிடைத்த பதில்களை வரைபடத்தில் குறித்துப் பார்த்தால், பாம்பு பரவிய பாதையும் பறவைகள் மறைந்த பாதையும் ஒன்றாக இருந்தன! பொறிகளில் உயிருள்ள காடைகளை வைத்துக் காட்டில் விட்டுப் பார்த்தார். பறவைகள் மறைந்துபோன பகுதிகளில், சில இரவுகளுக்குள்ளேயே பெரும்பாலான காடைகளைப் பாம்புகள் விழுங்கியிருந்தன.

ஒரு பாம்பால் ஒரு தீவின் பறவைகளையே காலி செய்ய முடியும் என்பதைப் பல நிபுணர்கள் ஆரம்பத்தில் நம்பவில்லை. அதற்கு முன் உலகில் எங்கும் அப்படி நடந்ததாகப் பதிவு இல்லை. 1987-ல் சாவிட்ஜின் ஆய்வுக் கட்டுரை வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால், அதற்குள் காலம் கடந்துவிட்டது.

சரி, பறவைகள் தீர்ந்த பிறகு பாம்புகள் பட்டினியால் செத்திருக்க வேண்டாமா? அதுதான் நடக்கவில்லை. தீவில் பல்லிகளும் அரணைகளும் ஏராளம். அவற்றைத் தின்றே பாம்புகள் தாக்குப்பிடித்தன. எங்கிருந்தாவது ஒரு பறவை வந்தால், அதையும் தின்னத் தயாராக இருந்தன.

கரன்ட் கட்டிலிருந்து சிலந்தி வலை வரை

பறவை போனால் போகட்டும், மனிதனுக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்குக் குவாமிடம் பதில் இருக்கிறது.

முதல் நஷ்டம் மின்சாரம். இரவில் மின்கம்பங்களில் ஏறும் பாம்பு, இரண்டு கம்பிகளைத் தொட்டால் போச்சு. 1978 முதல் 1997 வரை மட்டும் பாம்புகளால் 1,600-க்கும் மேற்பட்ட முறை மின்தடை ஏற்பட்டிருக்கிறது.

அடுத்தது சிலந்தி. பக்கத்துத் தீவுகளான ரோட்டா, டினியான், சைபான் ஆகியவற்றோடு குவாம் காட்டை ஒப்பிட்டு 2012-ல் ஓர் ஆய்வு வெளியானது. மழைக்காலத்தில் குவாமில் 40 மடங்கு வரை சிலந்திகள் அதிகம் என்றது அந்த ஆய்வு. சிலந்தியைத் தின்னவும், அதோடு பூச்சிக்குப் போட்டி போடவும் பறவைகள் இல்லையே!

மூன்றாவது நஷ்டம் மரங்களுக்கு. பழத்தைத் தின்று கொட்டையைத் தூரத்தில் கொண்டுபோய்ப் போடுவது பறவைகளின் வேலை. இப்போது பழங்கள் தாய் மரத்தடியிலேயே விழுந்து அழுகுகின்றன. இரண்டு வகை மரங்களை ஆராய்ந்த 2017 ஆய்வு, புதிதாக முளைத்து வளர்வது 61 முதல் 92 சதவீதம் வரை குறைந்திருக்கலாம் என்கிறது. பாம்பு மரத்தைத் தின்பதில்லை. ஆனாலும் மரங்கள் குறைகின்றன.

கடைசி நிமிட மீட்பு

1980-களின் தொடக்கத்தில் குவாம் வனவிலங்குத் துறையினருக்கு ஒன்று புரிந்துவிட்டது. பாம்பை உடனே ஒழிக்க முடியாது. மிச்சமிருக்கும் பறவைகளையாவது பிடித்துக் கூண்டில் வைத்துக் காப்பாற்ற வேண்டும்.

அந்தத் துறையில் இருந்த பாப் பெக்கும் அவருடைய குழுவினரும் காட்டுக்குள் இறங்கினார்கள். 21 ‘கோகோ’ பறவைகளைப் பிடித்தார்கள் (சாக்லேட் கோகோவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, சமோரோ மொழியில் இதன் பெயரே அதுதான்). நம்மூர்க் கானாங்கோழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. பறக்கத் தெரியாது. தரையில்தான் கூடு. பாம்புக்கு இதைவிட வசதியான இரை கிடையாது.

அடுத்து ‘சிஹெக்’. இலவங்கப்பட்டை நிறத் தலையும் நீல இறக்கையும் கொண்ட மீன்கொத்தி. பெயர்தான் மீன்கொத்தி, மீன் பிடிக்காது. காட்டுக்குள் பல்லியும் பூச்சியும்தான் உணவு. 1984 முதல் 1986 வரை 29 சிஹெக்குகள் பிடிக்கப்பட்டு, அமெரிக்க உயிரியல் பூங்காக்களுக்கு அனுப்பப்பட்டன. 1988-க்குப் பிறகு குவாம் காட்டில் ஒரு சிஹெக்கைக்கூட யாரும் பார்க்கவில்லை.

எல்லாப் பறவைகளுக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. குவாமில் மட்டுமே வாழ்ந்த ஓர் ஈப்பிடிப்பான், பிடிக்க ஆள் போவதற்குள் அற்றுப்போனது. அந்தத் தீவின் வெள்ளைக்கண்ணிப் பறவையும் அப்படித்தான். 2023-ல் அமெரிக்க அரசு அதைப் பாதுகாக்க வேண்டிய உயிரினங்களின் பட்டியலிலிருந்து நீக்கியது. பாதுகாக்க அது உயிரோடு இல்லை என்பதுதான் காரணம்.

திரும்பி வந்த கோகோ

கூண்டில் வளர்ந்த கோகோக்களைக் குவாமிலேயே விட்டால் மறுபடியும் பாம்புக்குத்தான் தீனி. எனவே 1989 முதல், பாம்பு இல்லாத ரோட்டா தீவில் விட ஆரம்பித்தார்கள். விட்டவற்றில் பலவற்றைப் பூனைகள் அடித்தன. வண்டிகளில் அடிபட்டும் செத்தன. ஆனாலும் வருடா வருடம் கொண்டுபோய் விட்டுக்கொண்டே இருந்தார்கள். மெதுமெதுவாக அவை அங்கே குஞ்சு பொரிக்கத் தொடங்கின.

2010-ல், குவாமின் தென்கரையை ஒட்டியிருக்கும் கொக்கோஸ் என்ற குட்டித் தீவிலும் 16 கோகோக்களை விட்டார்கள். அதற்கு முன்பே அங்கிருந்த எலிகளை ஒழித்திருந்தார்கள்.

பலன், 2019-ல் தெரிந்தது. ‘காட்டில் அற்றுப்போனது’ என்ற பட்டியலிலிருந்து கோகோ மீண்டு வந்ததாகச் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அறிவித்தது. உலக வரலாற்றிலேயே இப்படி மீண்டு வந்த இரண்டாவது பறவை இது. முதலாவது, கலிஃபோர்னியா காண்டர் கழுகு.

இன்றைக்குக் கோகோ குவாமின் செல்லப் பறவை. அதன் பெயரில் ஆண்டுதோறும் ஓட்டப் போட்டிகூட நடக்கிறது. இந்த வெற்றியைப் பார்க்க பாப் பெக்தான் இல்லை. 2008-லேயே இறந்துவிட்டார்.

மகிழ்ச்சி நீடிப்பதற்குள் ஓர் அதிர்ச்சி. 2020-ல் அந்தக் குட்டித் தீவிலேயே பழுப்பு மரப்பாம்பு கண்டுபிடிக்கப்பட்டது. எவ்வளவு காவல் போட்டாலும் ஏதோ ஒரு படகில் ஏறி வந்துவிடுகிறது.

பாராசிட்டமால் எப்படிக் கொல்கிறது?

நமக்கு ஜுரத்தைக் குறைக்கும் பாராசிட்டமால், இந்தப் பாம்பின் ரத்தத்தில் வேறு வேலையைச் செய்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபின், அந்த வேலையைச் செய்ய முடியாதபடி மாறிவிடுகிறது. பாம்பு மயங்கிக் கிடந்து, செத்துப்போகிறது. 80 மில்லிகிராம் போதும்.

பழுப்பு மரப்பாம்பு, செத்துக் கிடக்கும் இரையையும் தயங்காமல் தின்னும். அதனால்தான் இந்தத் திட்டமே சாத்தியமானது. பாம்பு இருப்பது மரத்தின் உச்சியில் என்பதால், எலி தரையில் விழாமல் கிளையில் சிக்கிக்கொள்ளவே அந்த ரிப்பன்.

மற்ற ஊர்களில் மருந்து வைத்த எலியைக் காட்டில் போட்டால், அதைப் பறவைகள் தின்றுவிடுமே என்று பயப்பட வேண்டும். குவாமில் அந்தப் பயம் குறைவு. தின்பதற்குப் பறவைகள் இல்லை. இதைப் படித்தபோது மனது ஒரு மாதிரி ஆகிவிட்டது.

இது தவிர, காட்டைச் சுற்றிப் பாம்பு ஏற முடியாத வேலிகள், பொறிகள், இரவில் தலையில் டார்ச் கட்டிக்கொண்டு கையாலேயே பாம்பு பிடிக்கும் குழுக்கள் என்று பல வேலைகள் நடக்கின்றன. விமான நிலையத்திலும் துறைமுகத்திலும், பயிற்சி பெற்ற ஜாக் ரஸ்ஸல் டெரியர் நாய்கள் வெளியே போகும் சரக்கை மோப்பம் பிடிக்கின்றன. குவாமில் நடந்தது ஹவாயில் நடந்துவிடக் கூடாது என்பதே அவற்றின் டியூட்டி.

அப்படியும் பாம்பு தோற்றுவிடவில்லை. சாலி பறவைகளுக்காகக் கம்பத்தின் மேல் கூடுப்பெட்டி வைத்தார்கள். பாம்பு ஏறாதபடி கம்பத்தில் வழுவழுப்பான பெரிய உலோகக் குழாயைப் பொருத்தும் யோசனையைக் கேமரா வைத்துச் சோதித்தார்கள். பதிவான வீடியோவைப் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். பாம்பு தன் உடலைச் சுருக்குக் கயிறு மாதிரி குழாயைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, இன்ச் இன்ச்சாக மேலே ஏறிக்கொண்டிருந்தது! பாம்புகள் இப்படி நகரும் என்பதே அதுவரை யாருக்கும் தெரியாது. 2021-ல் வெளியான அந்த ஆய்வை எழுதியவர்களில் ஒருவர், அதே ஜூலி சாவிட்ஜ்!

5,900 கிலோமீட்டர் தள்ளி ஒரு புது வீடு

கோகோவுக்கு ரோட்டா கிடைத்தது. சிஹெக்குக்கு?

29 பறவைகளில் தொடங்கிய வளர்ப்பு, 40 வருடங்களுக்குப் பிறகும் 150-ஐத் தாண்டவில்லை. எல்லாமே கூண்டுப் பறவைகள். காட்டில் சிஹெக்கைப் பார்த்த அனுபவமுள்ள மனிதர்களுக்கும் வயதாகிவிட்டது. காட்டில் இரை தேடும் பழக்கத்தை இன்னும் எத்தனை தலைமுறைக்குத் தள்ளிப்போட முடியும்?

எனவே ஒரு முடிவெடுத்தார்கள். குவாமிலிருந்து சுமார் 5,900 கிலோமீட்டர் தொலைவில், பசிபிக்கின் நடுவே இருக்கும் பல்மைரா என்ற பவளத்தீவு தேர்வானது. அங்கே பாம்பு இல்லை. எலிகளையும் 2011-லேயே ஒழித்துவிட்டார்கள். பல உயிரியல் பூங்காக்களில் இடப்பட்ட முட்டைகள் கன்சாஸில் உள்ள ஒரு பூங்காவுக்குக் கொண்டுவரப்பட்டன. அங்கே பொரித்த குஞ்சுகளுக்கு ஆட்கள் கையாலேயே ஊட்டி வளர்த்தார்கள். பிறகு விமானப் பயணம். பல்மைராவில் சில நாள் பெரிய கூண்டில் வைத்துப் பழக்கினார்கள். சின்ன ரேடியோ கருவியும் பொருத்தினார்கள்.

2024 செப்டம்பர். கூண்டுக் கதவுகள் திறக்கப்பட்டன. ஐந்து ஆண், நான்கு பெண் என மொத்தம் 9 சிஹெக்குகள் வெளியே பறந்தன. 36 வருடங்களில் திறந்த காட்டில் சிஹெக் பறந்தது அதுதான் முதல் முறை.

அடுத்த ஏப்ரலில் இன்னொரு செய்தி வந்தது. அவை முட்டையிட்டிருந்தன! இளம் ஜோடிகள் குஞ்சு பொரித்து வளர்க்கப் பல முறை முயல வேண்டியிருக்கும். ஆனால் கூடு எப்படிக் குடைவது, துணையை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதையெல்லாம் அவை யாரும் சொல்லிக்கொடுக்காமலே செய்துகாட்டிவிட்டன. பல்மைராவில் 10 ஜோடிகளாவது உருவாக வேண்டும் என்பது இப்போதைய இலக்கு.

வீடு எப்போது?

பல்மைரா சிஹெக்கின் சொந்த ஊர் கிடையாது. வாடகை வீடு மாதிரிதான். இந்தத் திட்டத்தில் இருக்கும் எல்லோரும் சொல்லும் கடைசி இலக்கு குவாம்தான். அதற்குத் தீவு முழுவதும் பாம்பை ஒழிக்க வேண்டியதில்லை. ஒரு குறிப்பிட்ட காட்டுப் பகுதியிலாவது பாம்பின் எண்ணிக்கையைக் கிட்டத்தட்ட பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்து, அப்படியே வைத்திருக்க வேண்டும். வருடா வருடம் பணமும் ஆட்களும் தேவைப்படும் வேலை இது.

பாம்பு மட்டுமே பிரச்னை என்றும் சொல்ல முடியாது. குவாமின் வடக்கே, பறவைகளுக்குத் தேவையான பழைய சுண்ணாம்புப் பாறைக் காடுகளில் ஒரு பகுதி புதிய ராணுவக் கட்டுமானங்களுக்காக வெட்டப்பட்டிருக்கிறது. சமோரோ மக்கள் பலர் இதை எதிர்த்துப் போராடினார்கள். பறவை திரும்பி வரும்போது உட்கார மரம் இருக்க வேண்டாமா?

இந்தக் கதையில் நம்பிக்கை இருக்கிறது. 21 பறவைகளிலிருந்து ஓர் இனமே மீண்டு வந்திருக்கிறது. ஆனால் அதற்குத் தேவைப்பட்ட காலத்தையும் கவனியுங்கள். யாரோ சரக்குப் பெட்டியைத் திறந்து பார்க்கத் தவறிய ஒரு நாள். அதைச் சரிசெய்ய 40 வருடங்களாக விஞ்ஞானிகள், ஹெலிகாப்டர்கள், நாய்கள், பல்லாயிரம் எலிகள். இன்னும் முடிந்தபாடில்லை.

குவாமில் இன்றைக்கு 30 வயதில் இருக்கும் ஒருவர், தன் ஊர்க் காட்டில் சிஹெக் கத்துவதைக் கேட்டதே இல்லை. அவருடைய தாத்தாவுக்கு அது தினமும் கேட்ட சத்தம். அவருடைய பேரப் பிள்ளைகளாவது அதைக் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான், பல்மைராவில் அந்த 9 பறவைகளின் ரேடியோ சிக்னலைத் தேடி ஆட்கள் காட்டுக்குள் நடந்தார்கள்.